ஏப்ரல் மாதத் தண்ணீர்

எங்கள் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவர்கள் ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஆளுக்கொரு ஜாடியில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அவரவரே சோதித்து எழுதிக் கொடுப்பதுதான் அந்தப் பருவத்தின் கடைசி வேலை. இந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார், ஏன் ஈஸ்டரில் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்குப் போகிறோம், வரும்போது ஒரு ஜாடி, அவ்வளவுதான். பண்ணைப் பிள்ளைகள் கொண்டுவரும் கிணற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் சுண்ணாம்பும் இரும்பும் இருக்கும். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விடுவோம்.

டேரல் வெர்ஹாகன் மட்டும் அந்த வருடம் சிரிக்கவில்லை. என் காரில் ஊரிலிருந்து கல்லூரி வரை ஐம்பது மைலும் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் இருந்து கையை எடுக்காமல் வந்தான். ரேடியோ போட்டால் அணைத்தான். பேச்சுக் கொடுத்தால் 'ம்' என்றான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

டேரல் என் ஆய்வகக் கூட்டாளி. நெட்டையாக, சட்டைக் கை எப்போதும் மணிக்கட்டுக்கு மேலேயே நிற்கிற பையன். வீட்டில் அறுபது மாடுகள். காலை நாலரைக்கு எழுந்து பழகியவன் என்பதால் விடுதியில் எல்லோரும் தூங்கும்போது என் கணக்கையும் சேர்த்துப் போட்டு வைத்திருப்பான். நான் வேதியியலில் தேறிவந்தது அவன் புண்ணியத்தில். இதை ஒளிக்க வேண்டியதில்லை, பின்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

அந்த ஜனவரியில் அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்த கெசனிக் பண்ணையின் கிணற்றில் ஆர்சனிக் என்ற விஷம் இருப்பது தெரிந்தது. கன்றுகள் காரணமில்லாமல் மெலிந்ததால் அந்த வீட்டுக் கிழவர் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. விஷயம் வெளியே வந்த மறுவாரம் பால் எடுக்கும் வண்டி அவர் வாசலில் நிற்காமல் போனது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. கிணற்றைப் பற்றி வாயைத் திறக்காதே என்பதுதான் அந்தப் பாடம்.

கெசனிக்கின் ஆழ்துளைக் கிணறும் வெர்ஹாகன் வீட்டுக் கிணறும் ஒரே ஆள், ஒரே வருடத்தில் துளைத்தவை. டேரலின் அம்மா லோயிஸ் விடுதிக்குப் போன் செய்தாள். பக்கத்து வீட்டு விவகாரமெல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாளாம்.

"நீ கெமிஸ்ட்ரிதானேடா படிக்கிற? நம்ம தண்ணி நல்லதா கெட்டதான்னு நீயே பாத்துச் சொல்லிடு. நீ நல்லதுன்னா குடிக்கிறோம். கெட்டதுன்னா அப்பா வேற எடத்துல தொளைக்கட்டும். வெளிய யாரும் வேணாம்."

அன்றிலிருந்து அந்தக் குடும்பம் எதைக் குடிப்பது என்பது பத்தொன்பது வயதுப் பையன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் நின்றது. இதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

இதற்கு நடுவில்தான் அவனுக்கு நிலவியல் பைத்தியம் பிடித்தது. அறிவியல் மாணவர்கள் வேறு துறையில் ஒரு பாடமாவது எடுத்தாக வேண்டும் என்ற விதிக்காகப் போய் உட்கார்ந்த வகுப்பு அது. ஆஸ்ட்பி என்ற பேராசிரியை ஒருநாள் பூமிக்குள்ளிருந்து எடுத்த உருளைக் கல் ஒன்றை மேசைமேல் வைத்தாராம். வெளுத்த மணற்கல், நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் பித்தளைப் பொடி தூவியதுபோல் மின்னியது. எங்கே எடுத்தது என்று டேரல் கேட்டான். அவர் சொன்னது அவனுடைய மாவட்டத்தின் பெயர்.

அதற்குப் பிறகு அவனைத் தேடினால் நிலவியல் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் கிடைப்பான். மார்ச் முடிவதற்குள் முடிவு செய்துவிட்டான்: வேதியியலோடு நிலவியலும். டபுள் மேஜர். இரண்டு துறையிலும் ஒவ்வொரு பேராசிரியர் கையெழுத்துப் போட்ட படிவத்தை ஈஸ்டர் முடிந்து இரண்டாவது திங்கட்கிழமைக்குள் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

வேதியியல் துறையில் அவனுக்கு ஆலோசகராக இருந்தவர் நல்ல மனிதர். படிவத்தை ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருந்தார். இரண்டையும் முடிக்க நாலு வருடம் போதாது, இன்னும் ஒரு வருடம் ஆகும், அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்து மாடுகளைப் பார்க்க ஆள் இல்லை என்று நீதானே சொன்னாய், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் எதற்கு என்று தன்மையாகக் கேட்டார். ஆனாலும் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் தன்மையாகவெல்லாம் கேட்கவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று தினமும் குத்திக்காட்டினேன். கல்லைக் காதலிக்கிறவன் என்று விடுதி முழுக்கப் பரப்பினேன். அவன் நன்மைக்காகத்தான் சொன்னேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அடுத்த வருடத்தின் கஷ்டமான பாடங்களில் அவன் என் பக்கத்தில் இருக்க வேண்டும். அவன் நிலவியலுக்கு நேரத்தைக் கொடுத்தால் என் கணக்கை யார் போடுவது?

ஆஸ்ட்பியின் கையெழுத்தை வாங்க அவன் போனபோது நானும் உடன் போனேன். அவர் உடனே போடவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேதியியலே ஒருவனுக்குப் போதுமே, எதற்கு இது என்று கேட்டார். டேரல் காது சிவக்க, கல் பிடிக்கும் என்றான். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பிடிக்கும்னா சரி," என்றார் அவர். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. எவ்வளவு இருக்குன்னு கெமிஸ்ட்ரி சொல்லும். ஏன் இருக்கு, நாளைக்கும் அப்படியே இருக்குமான்னு கல்லத்தான் கேக்கணும். நிலத்தடி நீர்னு ஒரு பாடம் நடத்துறேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, நம்ம துறைப் பசங்களுக்கு மட்டும். வர்ற செப்டம்பர்ல ஆரம்பிக்குது. நல்லா யோசிச்சிட்டுக் கொண்டா, அப்பவே போட்டுத் தரேன்."

யோசிக்க அவனுக்கு இருந்தது ஒரு வாரம். அந்த வாரத்தில்தான் ஜாடி வந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் சோதனை. எல்லோரும் ஒரு தடவை செய்து முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். டேரல் மூன்று தடவை செய்தான். இயந்திரத்தைக் கழுவி, சுத்த நீரை ஓட்டிப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து. ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. மூன்று தடவையும் ஒரே எண்தான் வந்தது. அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அவன் முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு எழுந்து தாழ்வாரத்துப் போனுக்கு ஓடினான். மறுமுனையில் லோயிஸ் அழுவது கதவருகே நின்ற எனக்கே கேட்டது. அவன் திரும்பி வந்தபோது நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துச் சொன்னேன்.

"பாத்தியாடா? ஒரு டிகிரியே பதில் சொல்லிடுச்சு. இதுக்குப் போய் கல்லு வேறயா ஒனக்கு?"

அவன் சிரித்தான். ஜனவரிக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆமாண்டா, ஒரு வருஷம் மிச்சம் என்றான்.

திங்கட்கிழமை வந்தது, போனது. பாதிக் கையெழுத்தோடு அந்தப் படிவம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆஸ்ட்பியின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, மீதி இரண்டு வருடமும் டேரல் நிலவியல் கட்டடத்தின் பக்கமே போகவில்லை. குறுக்கு வழி அதுதான். குளிர்காலத்தில்கூட முழங்கால் பனியில் சுற்றிக்கொண்டு நடப்பான். அவர் ஒருமுறை சாப்பாட்டுக்கூடத்தில் எதிரே வந்து நலம் விசாரித்தார். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

நாலு வருடத்தில் இருவரும் முடித்தோம். நான் பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்து நகரத்துக்குப் போனேன். டேரல் ஊருக்கே திரும்பினான். பக்கத்து ஊர்ப் பாலாடைக்கட்டி ஆலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. ஜோடி என்ற பள்ளி ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டான். சில வருடங்களில் அவன் அப்பா மாட்டுக்கொட்டகையிலேயே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்றார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். மாடுகளை விற்றுவிட்டு டேரலும் ஜோடியும் அம்மாவோடு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ப்ரென்னா என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பால் பவுடரை அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரில்தான் கலக்கினார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்கு நான் அங்கே போவேன். லோயிஸ் கெட்டில் நிறையக் காபி போட்டு வைத்திருப்பாள். ஊரில் பாதிப் பேர் பாட்டில் தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றும், தனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை, தன் பிள்ளை பார்த்த தண்ணீர் என்றும் பெருமை அடித்துக்கொள்வாள். நானும் இரண்டு கோப்பை குடிப்பேன். இரண்டு சாலை தள்ளி ஒரு பெரிய கல் குவாரி வந்திருந்தது. பள்ளத்தில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக மோட்டார் வைத்து வெளியே இறைத்தார்கள். அந்தச் சத்தம் வீட்டுக்குள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். கோடை காய்ந்த வருடங்களில் காபியில் ஆணியை நக்கினாற்போல் ஒரு ருசி தட்டும். நான் கெட்டிலைக் குறை சொன்னேன். லோயிஸ் புதுக் கெட்டில் வாங்கினாள்.

ஒன்றை மட்டும் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. ஆலையில் டேரல் ஒரு நாளைக்கு நாற்பது தடவை பால் சோதிப்பவன். நேற்று நன்றாக இருந்த தொட்டியை இன்று திரும்பவும் சோதிப்பவன். நேற்றைய பால் இன்றைக்குச் சாட்சி ஆகாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். அந்த ஆள் பதினைந்து வருடம் தன் வீட்டுக் கிணற்றை இரண்டாவது முறை சோதிக்கவில்லை. நானும் ஒரு வேதியியல் பட்டதாரி, நானும் கேட்கவில்லை. படித்த முட்டாள்கள் என்றால் எங்கள் இருவரையும்தான் சொல்ல வேண்டும்.

பதினாறாவது வருடம் மழை பொய்த்தது. சோளம் இடுப்புயரத்திலேயே கருகியது. லோயிஸின் உள்ளங்கைகளில் சோள மணி அளவுக்குக் கெட்டியான புள்ளிகள் வந்திருந்தன. முப்பது வருடம் பால் கறந்த கைக்கு வேறு எப்படி இருக்கும் என்று அவள் பொருட்படுத்தவில்லை. ஜோடிதான் வற்புறுத்தித் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அன்று மாலையே டேரல் குழாயில் தண்ணீர் பிடித்தான். அது செப்டம்பர் மாதம். ஆலையில் வைத்து மூன்று தடவை சோதித்தான். மூன்று தடவையும் ஒரே எண். அனுமதித்த அளவைப் போல முப்பது மடங்கு.

எனக்குப் போன் செய்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் சனிக்கிழமையே போனேன். சமையலறையில் பாட்டில் தண்ணீர் அடுக்கி வைத்திருந்தார்கள். ப்ரென்னாவை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஜோடி நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் பொறு, இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று டேரல் சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்று தடவை பார்த்துவிட்டவன் இன்னும் என்னத்தைப் பார்ப்பான்? வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அந்த வீட்டில் மாடுகள் போன பிறகும் போகவில்லை. கெமிஸ்ட் மகனே சொந்தக் குடும்பத்துக்கு விஷத்தைக் கொடுத்தான் என்று ஊர் சொல்லாதா?

ஆஸ்ட்பி ஓய்வுபெற்றுக் கல்லூரி ஊரிலேயே இருந்தார். அவரைப் பார்க்க வேண்டும் என்று டேரல் சொன்னதும் நான் காரை எடுத்தேன். அவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். டேரல் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்தான். அவர் எண்களைப் பார்க்கவில்லை, பக்கத்தில் எழுதியிருந்த மாதங்களைப் பார்த்தார்.

"ஏப்ரல்லயா எடுத்த?" என்றார். "பனி உருகி கெணறு நெறஞ்சு நிக்கிற மாசம். அந்த மின்னுற கல்லு தண்ணிக்குள்ள முழுகிக் கெடக்கிற வரைக்கும் சும்மா கெடக்கும். தண்ணி எறங்கி அதுல காத்து பட்டாத்தான் வெஷத்த விடும். கோடை முடியறப்போ எடுத்துப் பாக்கணும். மூணாவது வாரத்துப் பாடம் இது, டேரல்."

டேரல் தாளை எடுத்து மடித்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார் அவர். கோபமாக இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியெல்லாம் அவன் அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. ஒரு டிகிரி போதும் என்று சொன்னவன் நான்தான் என்று நானே சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, "கையெழுத்து வாங்கப் போகாதது நானு," என்றான்.

மூன்று வாரம் கழித்து லோயிஸுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீர்ப்பையில் புற்று. எனக்குப் பக்கம் என்பதால் நான் தினமும் போனேன். புற்றுநோய் மருத்துவர் ஒருவர் முதல் தடவை கேள்விகள் கேட்க வந்தபோது அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். இளம் வயதுக்காரர், மடியில் காகிதப் பலகை வைத்து எழுதிக்கொண்டே கேட்டார். இந்த நோய் பெரும்பாலும் புகை பிடிப்பவர்களுக்குத்தான் வரும், நீங்கள் பிடிப்பதுண்டா என்றார்.

லோயிஸ் மகனை ஒரு நொடி பார்த்தாள்.

"இருபது வருஷம் பிடிச்சேன் டாக்டர்," என்றாள். "பால் அறையில ஒளிஞ்சு நின்னு. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. புருஷன் பைப் பிடித்தபோதே வாசலுக்குத் துரத்தியவள். டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றாள், கண் இமைக்காமல். அந்தக் காகிதத்தில் சிகரெட் ஏறிவிட்டால் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. டேரல் தலை நிமிர்ந்து நடக்கலாம். அவள் உயிரோடு இருக்கும்போதே தன் சாவுக்கு வேறு ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை.

டேரல் எழுந்து நின்றான்.

"அம்மா பொய் சொல்றாங்க டாக்டர். சிகரெட் இல்ல, கெணத்துத் தண்ணி. ஆர்சனிக். நல்ல தண்ணின்னு சொன்னது நான்தான். அத எழுதிக்கோங்க."

"நீ சும்மா இருடா," என்றாள் லோயிஸ். "ஒனக்கு என்ன தெரியும்?"

"எழுதிக்கோங்க டாக்டர்," என்றான் மறுபடியும். "வீட்டுல இன்னொருத்தி இருக்கா."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு நிமிர்ந்தார். யார், எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்று கேட்டார்.

"எம் பொண்ணு. ஒம்பது வருஷமா," என்றான் டேரல். "பொறந்ததுலேருந்து."